பொட்டு வைத்த போட்டோ

பக்தி இல்லாதவன் என்பார்களோ என்று இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். மலேசியாவில், கிள்ளான் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருவர். ஒருவர் எஸ்டேட் கோயில் செயலாளர். மற்றவர் முன்பு அதே கமிட்டியில் இருந்தவர். செயலாளர்தான் ஆரம்பித்தார்.

“பூஜை பண்ணியே அழிச்சிட்டோம், அண்ணே.”

“எதை?”

“கோயில் கட்டினப்போ எடுத்த போட்டோவை. வெள்ளிக்கு வெள்ளி சந்தனம், குங்குமம் வெச்சு வெச்சு கோபுரமே தெரியல. நில ஆபீசுல பழைய கோயில்னு ஆதாரம் காட்டலேன்னா கோயிலை உடைச்சிடுவாங்களாம்.”

“அதே போட்டோ எங்கிட்ட ஒன்னு இருக்குலா. உறையில போட்டு, ஈரம் படாம அலமாரியில வெச்சிருக்கேன். அதுக்குப் பொட்டு வைக்கலேன்னுதானே, நாத்திகன்னு சொல்லி என்னைக் கமிட்டியை விட்டுத் தூக்கினீங்க?”

செயலாளர் தலையைச் சொறிந்தார். “குடுங்கண்ணே.”

“அதைத் தர மாட்டேன். ரெண்டு காப்பி எடுத்துத் தரேன். ஒன்னு ஆபீசுக்கு. இன்னொன்னு நீங்க பொட்டு வைக்க.”

முருகன் சாட்சியாக நான் கேட்டது இவ்வளவுதான். கூட்டாமல் குறைக்காமல் உங்கள் கோயிலிலும் சொல்லுங்கள்.