நாலு மணி ஈவென்ட்

கடிகாரக்கடை: …இன்னைக்கும் வரலைங்க. உங்க ஊர்லேருந்து ஒரு கடிதம்கூட இல்லை.

மருந்துக்கடை: நாலு அடிச்சு ஒரு நிமிஷம் ஆகலை, அதுக்குள்ளயா? போனை வெச்சுடாதீங்க, கடைக்கு வந்த இவருக்கு இருமல் மருந்து குடுத்துட்டு வரேன்… ம், சொல்லுங்க.

கடிகாரக்கடை: விளையாட்டு இல்லைங்க. எங்க வியாபாரிகள் சங்கத் தலைவர் காலையில வந்து ஒரே சத்தம். இன்னைக்குள்ள சரி பண்ணலைன்னா, ஊர்க்காரங்க போன் போட்டு நுழைஞ்சு கடிதம் எழுதற கம்ப்யூட்டர் போர்டை என்கிட்டேருந்து பிடுங்கி தையல்காரர்கிட்ட குடுத்துடுவாராம்.

மருந்துக்கடை: தையல்காரரா! மோடத்தைக் குடுத்தா அதுக்கும் உறை தைச்சு மாட்டிடுவாரே!

கடிகாரக்கடை: அப்புறம் உங்க போர்டுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது.

மருந்துக்கடை: …அப்படியெல்லாம் விட்டுட முடியாது. முதல்லேருந்து பார்ப்போம். எங்க ஊர்க்காரங்க என் போர்டுல எழுதறதை மெயிலர் புரோகிராம் மூட்டை கட்டும். தினம் நாலு மணிக்குன்னு குறிச்சு வெச்ச வேலை, அதான் ஈவென்ட். தானா உங்க நம்பருக்குப் போன் போட்டு மூட்டையை இறக்கணும். அதானே?

கடிகாரக்கடை: அதேதான். ஏழு நாளும் குறிச்சிருக்கீங்களா?

மருந்துக்கடை: ஏழும்.

கடிகாரக்கடை: கம்ப்யூட்டர்ல மணி?

மருந்துக்கடை: நேத்து நீங்க சொல்லச் சொல்லத் திருத்தினேனே. கடிகாரக்காரர் வெச்ச மணி!

கடிகாரக்கடை: மோடத்தைக் கழட்டி மாட்டினீங்களா?

மருந்துக்கடை: அஞ்சு நாளா வேற என்ன வேலை எனக்கு? திருகாணியே தேய்ஞ்சு போச்சு.

கடிகாரக்கடை: சரி… கம்ப்யூட்டர் அடிச்சு வெச்ச லாக்குல என்ன போட்டிருக்கு?

மருந்துக்கடை: திங்கள், நாலு மணி… "லைன் இல்லை"ன்னு இருக்கு.

கடிகாரக்கடை: செவ்வாய்?

மருந்துக்கடை: செவ்வாய்… கையெழுத்து புரியலை.

கடிகாரக்கடை: கம்ப்யூட்டருக்கு ஏதுங்க கையெழுத்து?

மருந்துக்கடை: மை… மை மங்கலா இருக்குன்னேன். அது போகட்டும், திங்கக்கிழமை நாலு மணிக்கு நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?

கடிகாரக்கடை: என்கூடப் பேசிட்டிருந்தீங்க. தலைவலி மாத்திரை கேட்டேனே.

மருந்துக்கடை: உங்க ஊர்ல மருந்துக்கடையே இல்லை, பாவம்.

கடிகாரக்கடை: அது…

மருந்துக்கடை: என்கிட்ட இருக்கறதே ஒரே லைன். மோடமும் அதுலதான். அப்போ மெயிலர் எதுல போன் போடும்?

கடிகாரக்கடை: அட!

மருந்துக்கடை: அட! ஏன் வரலைன்னு நீங்க போன் பண்றதாலதான் வரலை.

கடிகாரக்கடை: அப்போ நான் இப்ப போனை வெச்சா சரியாயிடும்.

மருந்துக்கடை: ஆயிடும்.

கடிகாரக்கடை: வெச்சுடவா?

மருந்துக்கடை: வைங்க.

கடிகாரக்கடை: இதோ, வெக்கறேன்…

மருந்துக்கடை: வெக்கலையா?

கடிகாரக்கடை: நீங்க முதல்ல வைங்க.

மருந்துக்கடை: ஒண்ணு கேக்கறேன். தலைவர் கடிதம் வரலைன்னுதான் சத்தம் போட்டாரா?

கடிகாரக்கடை: அது வந்து… நாலுலேருந்து அஞ்சு வரைக்கும் போர்டுக்குள்ளயே நுழைய முடியலையாம். எப்ப போன் போட்டாலும் என் லைன் பிஸியாம்.

மருந்துக்கடை: கடிதம் வரலைன்னு சொல்லலை?

கடிகாரக்கடை: …சொல்லலை.

மருந்துக்கடை: எப்படிச் சொல்லுவார்? செவ்வாய்க்கிழமையே ஈவென்ட்டை மூணு மணிக்கு மாத்திட்டேன். தினம் மூணு அஞ்சுக்கு உங்க மெஷின் வாங்கிக்குது. லாக்குல பளிச்சுன்னு இருக்கு.

கடிகாரக்கடை: அப்போ… மோடத்தைக் கழட்டி மாட்டினது?

மருந்துக்கடை: தொட்டாத்தானே!

கடிகாரக்கடை: எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேவா!

மருந்துக்கடை: எவ்வளவு தூரம் புளுகுறீங்கன்னு பார்த்தேன். உண்மையைச் சொன்னா போன் நின்னுடுமேன்னு எனக்கும் பயம்தான், போதுமா? இப்ப போர்டே போயிடும்னு வரவும் சொல்லிட்டேன். நாளையிலேருந்து நாலு மணிக்கு லைனைத் தலைவருக்கு விட்டுடுங்க. பேசணும்னா கடைக்கு வாங்க. பஸ்ல அரை மணி நேரம்தானே.

கடிகாரக்கடை: மூணே காலுக்கே கிளம்பி வந்துடவா? மூட்டையைப் பிரிச்சு எல்லாருக்கும் போட்டுட்டு, எப்படா நாலு அடிக்கும்னு தினமும் சும்மாதாங்க உட்கார்ந்திருக்கேன்.