வெள்ளைக் காரும் பச்சைப் பெயிண்டும்

சுரண்டையிலிருந்து தென்காசி போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த இளைஞர் பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னார்:

"காரை வாங்கி ஒரு வருஷம் ஆச்சு அண்ணாச்சி. ஓனரைப் போன வாரந்தான் கண்டுபிடிச்சேன்."

அதன் பிறகு எனக்கு ஜன்னல் பக்கம் திரும்ப மனசில்லை.

"அப்போ யாருகிட்டலே வாங்குன?"

"வீரகேரளம்புதூர்ல ஒரு மில்லுக்காரருகிட்ட. அவரு தன் பேருக்கு மாத்தவே இல்ல. ஆர்சி புக்கும் தொலைஞ்சுபோச்சு. பழைய அம்பாசடர்னு ஆசைப்பட்டு வாங்கிட்டேன்."

"புது புக் எடுக்கணும்னா ஓனரு கையெழுத்துப் போடணுமே?"

"அதுக்குத்தான் குத்துக்கல்வலசையில அவரு வீட்டுக்குப் போனேன். ரிட்டயர்டு ஏட்டு. காரைக் கண்ணால பார்த்தாத்தான் போடுவேன்னாரு. புக்கு இல்லாம ஓட்டப் பயந்து லாரியில ஏத்திக் கொண்டுபோயி வாசல்ல இறக்குனேன்."

"போட்டாரா?"

"சுத்திச் சுத்திப் பார்த்தாரு. இது என் காரு இல்ல, என் காரு வெள்ளை, யாரு காருக்கோ நான் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரு."

"உன் காரு என்ன கலரு?"

"வாங்கும்போது வெள்ளைதான். ஆசை ஆசையா நான்தான் பச்சை அடிச்சேன்."

"ஏலே, சேஸ் நம்பரைக் காட்ட வேண்டியதுதானே?"

"காட்டுனேன் அண்ணாச்சி. நம்பரை எவன் பார்த்தான், நான் தினமும் துடைச்சது வெள்ளைக் காரைத்தான்ங்காரு."

பெரியவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சரி, இப்போ தென்காசிக்கு எதுக்குப் போற? ஆர்டிஓ ஆபீசுக்கா?"

"பெயிண்டுக் கடைக்கு."