அம்மாவுக்குக் குடுத்த விற்றமின்

"அம்மாவின்ரை ரத்தத்திலை இருக்கிற பங்கசுக் கிருமி எரிஞ்சு சாகோணும். நீ அதைக் காப்பாத்திறியே அக்கா?"

நெல்லியடி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த இரண்டு சகோதரிகளில் இளையவள்தான் கேட்டாள். அக்காவின் மடியில் விற்றமின் போத்தல் இருந்தது.

"உடம்பு தேறட்டுமெண்டுதானே குடுத்தனான்?"

"ஆஸ்பத்திரியிலை ஏத்துற மருந்து பங்கசின்ரை கலங்களை ஒட்சியேற்றி, எரிக்கிற மாதிரித்தான் கொல்லுது. உந்த விற்றமின் குளிசை அதைத் தடுக்கலாம். எங்கடை ஆய்வுகூடத்திலை பாத்தனாங்கள். ஆக்களுக்கு எப்பிடியெண்டு தெரியாது. டொக்டருக்குச் சொன்னனியே?"

"இல்லை."

புத்தூர் தாண்டும்போது அக்கா ஆஸ்பத்திரிக்கு போன் எடுத்தாள்.

"டொக்டர், அம்மாவுக்கு நான் ஒளிச்சு விற்றமின் குடுத்தனான்."

பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்?"

"காய்ச்சல் ஏன் விடேல்லையெண்டு அவையும் யோசிச்சுக்கொண்டு இருந்தவையாம். குளிசையை உடனை நிப்பாட்டட்டாம்."

"ஏசினவரே?"

"இல்லை," என்ற அக்கா அப்போதுதான் அழத் தொடங்கினாள்.