யோவானின் மூக்கு

கஞ்சிக்கு நன்றி, ஐயா. காவலில் கிடப்பவனுக்கு வெண்ணெய் போட்டுக் கொடுப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கேளுங்கள், மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

நம் லூபெக் நகரத் தங்கக் காசில் நிற்கும் புனித யோவான் நான் எஃகு அச்சில் வெட்டியவர். அதற்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடித்தது. நாணயச் சாலையில் டெட்லெவ்தான் சுத்தியல்காரன். தங்க வில்லையின்மேல் அச்சை நான் பிடித்துக்கொள்வேன், அவன் ஓங்கி அடிப்பான். பல வருடம் என் விரல்கள் அவனை நம்பித்தான் இருந்தன. எங்களுக்குள் பகை என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள்.

குடி அவன் கையைக் கெடுத்துவிட்டது. முதல் அடி சறுக்கும், மறுபடி அடிப்பான், காசில் முகத்தின்மேல் முகம் ஏறிவிடும். நல்ல அச்சுக்கு ஒரே அடி போதும். காசு கெட்டுப்போவதை நகரச் சபையார் விசாரிக்க வந்ததும் பழியைத் தூக்கி அச்சின்மேல் போட்டான்.

“அச்சு தேஞ்சுபோச்சுங்க. யோவான் மூக்கப் பாருங்க, சளி புடிச்சு ஒழுகின மாதிரி இருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள்.

தேய்ந்த அச்சைச் சபையார் கண்முன் உடைப்பது இங்கே வழக்கம், கள்ளன் கையில் சிக்கக் கூடாதல்லவா. மறுநாள் உடைப்பதாக முடிவாயிற்று. ஒரு காசு அடித்துக் காட்டுகிறேன் என்று கெஞ்சினேன். தங்கத்தைப் பூட்டிவிட்டார்கள். ஈயத்தில் அடித்தால் அது கள்ளக் காசு, அடித்தவனைக் கொப்பரையில் போட்டு வேகவைப்பார்கள். நான் சட்டத்தை மீறுகிறவன் அல்ல.

அன்று மதியம் டெட்லெவ் பீர் குடித்துவிட்டுப் பட்டறைத் தரையில் மல்லாந்து கிடந்தான். எழுப்பினேன்.

“நாளைக்காவது உண்மையச் சொல்லிடுப்பா.”

“போடா மார்க்வர்ட், எனக்கும் புள்ளகுட்டி இருக்கு. உன் யோவானுக்கு எஃகுத் தலை, ஒடச்சா வலிக்காது.”

மறுபடி தூங்கிவிட்டான். அவனுக்கு நல்ல அகலமான நெற்றி. அதில் இருந்த வியர்வையைத் துணியால் துடைத்தேன்.

நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு பிழை இருக்கிறது, ஐயா. கொன்றுவிட்டுப் பிறகு நெற்றியில் முத்திரை பதித்தேன் என்கிறீர்கள். பிணத்தை அவமதிக்கிற ஆள் இல்லை நான். இடக்கையில் அச்சைப் பிடித்தேன், வலக்கையில் அவன் சுத்தியல். யோவானின் முகம் மூக்கோடு நெற்றியில் தெளிவாக இறங்கியது. அவன் குதிகால்கள் கொஞ்ச நேரம் தரையை உதைத்தன. இரண்டாவது அடி தேவைப்படவில்லை.

புதைக்கும் முன் சபையாரை வந்து பார்க்கச் சொல்லுங்கள். பார்த்துவிட்டால் என்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டார்கள்.