மணிக்கட்டில் பிரிந்த வயது

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில் எனக்கு முன் ஸீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அச்சு அசலாக ஒரே முகம், இரட்டையர். ஒருத்தியின் மடியில் எக்ஸ்ரே கவர் இருந்தது.

"நேத்து வரைக்கும் நான் உனக்கு அக்கா. இன்னைக்கு டாக்டரு உன்னைய எனக்கு அக்காவாக்கிட்டாரு" என்றாள் ஜன்னலோரத்தில் இருந்தவள். நான் கையிலிருந்த வாரப் பத்திரிகையை மூடிவிட்டேன்.

பக்கத்தில் கூடையோடு நின்ற அம்மாள் கேட்டார்: "என்ன அம்மிணி ஆச்சு?"

"ஓட்டப்பந்தயத்துக்கு வயசு பாத்தாங்க. மணிக்கட்டைப் படம் புடிச்சு, எலும்பு முத்திருச்சான்னு பாக்கறாங்க. எனக்குப் பதினஞ்சாமுங்க. இவளுக்குப் பதினேழாம். பதினாறுக்குள்ள இருந்தாத்தான் மெட்ராஸ் போட்டிக்குக் கூட்டிட்டுப் போவாங்க."

"ஒரே வயித்துல ஒண்ணாப் பொறந்தவளுகளுக்கா?"

"பத்து நிமிஷம் நான் மூத்தவளுங்க."

"டாக்டருகிட்டச் சொல்லலையா?"

"சொன்னமுங்க. எலும்பு பொய் சொல்லாதுன்னுட்டாரு."

"அப்ப உங்காத்தாதான் பொய்யாப் பெத்துட்டாளாக்கும்!" கூடைக்காரம்மாள் சிரித்தார்.

கவர் வைத்திருந்தவள் சிரிக்கவில்லை. "நீ போயி நல்லா ஓடு. மொத வளைவுல அவசரப்படாதே. நான் பக்கத்துல ஓடறதா நெனச்சுக்க."

"ஓட்டம் கெடக்குது. மூணு நாளு அங்க ஆரு பக்கத்துலடி படுக்கறது?"

பஸ் ராசிபுரத்தைத் தாண்டியது. பிறகு, ஜன்னல் பக்கம் திரும்பாமலே கவர் வைத்திருந்தவள் கேட்டாள்:

"எனக்கு மட்டும் இங்க ஆரு இருக்காங்களாம்?"