பூ நுழையாத அறையைக் காத்தவருக்குப் பூமாலை இல்லாத பாராட்டு

பாளையங்கோட்டை, தாமிரபரணிக் கரை வாழை விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தின் திசு வளர்ப்பு நிலையத்தில் வளர்ப்பறைப் பொறுப்பாளராகப் பணியாற்றி, 30.4.1998 அன்று பணி நிறைவு பெறும் திருமதி ராஜாம்பாள் அம்மையார் அவர்களுக்கு நிலையப் பணியாளர்கள் வாசித்தளிக்கும் மடல்

கண்ணாடிப் புட்டிக்குள் கன்று வளர்த்த கைராசிக்காரரே! கத்திரி வெயிலிலும் மார்கழிக் குளிரைக் கதவுக்குள் பூட்டிக் காத்த காவலரே! வைதாலும் எங்கள் வாழ்வுக்காகவே வைத வாய்மையரே! கல்லிடைக்குறிச்சி ஈன்று, களக்காட்டு வாழைத்தோட்டமெல்லாம் கையெடுத்துக் கும்பிடும் கலைமகளே! வணக்கம்.

வழக்கப்படி இந்த இடத்தில் தங்களைத் தென்றல் என்றும் திங்கள் என்றும் பாட வேண்டும். சங்கச் செயலர் முன்கூட்டியே பார்த்து ஒப்புதல் அளித்த மடலில் அப்படித்தான் இருந்தது. அதில் தாங்கள் பொறுமையில் பூமி, பேச்சில் தேன். தங்களோடு ஒரு நாள் வேலை பார்த்தவர்கூட அதைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார். அந்த மடல் எழுத்தர் மகாராஜனின் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. அதே மகாராஜன் இப்போது வாசிப்பதும், கண்ணாடிச் சட்டமிட்டுத் தங்கள் கைக்கு வரப்போவதும் இந்த மடல்தான். மேடையில் இருப்பவர்கள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொள்ளலாம். இது கொஞ்சம் நீளும்.

அம்மையீர்! இந்தக் கூடத்தின் பக்கத்துச் சுவருக்கு அப்பால், வளர்ப்பறையில் என்ன நடக்கிறது என்று அறியாதவர்களும் இந்த அவையில் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறோம். நல்ல தார் போட்ட ஏத்தன் வாழையின் பக்கக்கன்றைத் தோண்டி, அடுக்கடுக்காக உரித்து, நடுவே இருக்கும் நகக்கண் அளவு குருத்தை எடுத்து, சர்க்கரை கலந்த கடற்பாசிக் கூழின் மேல் புட்டிக்குள் வைத்து மூடுவார் அம்மையார். அது ஒன்று நாலாகும், நாலு பதினாறாகும். அங்கே சூரியன் என்பது ட்யூப் லைட், மார்கழி என்பது ஏசி. மழையும் இல்லை, மண்ணும் இல்லை. ஆனால் காற்றில் மிதக்கும் பூஞ்சைத் துகள் ஒன்று உள்ளே புகுந்தால் போதும், அந்தக் கூழ் அதற்குக் கல்யாண விருந்து. சர்க்கரையைத் தின்று, பிறகு கன்றையும் தின்றுவிட்டுத்தான் ஓயும்.

அதனால் தாங்கள் போட்ட சட்டங்கள் கொஞ்சமா! இட்லி மாவு கரைத்த கையோடு வரக்கூடாது; மாவைப் புளிக்க வைக்கிற அதே சங்கதி புட்டியையும் புளிக்க வைத்துவிடும். திருநீறு உதிரக்கூடாது. செருப்பு வெளியே கிடக்க வேண்டும். இதையெல்லாம் பொறுத்துக்கொண்ட நம் பெண்கள், தலையில் பூ வைக்கக்கூடாது என்றதும் கொதித்துப் போனார்கள். புட்டி கழுவும் மாரிக்கண்ணு அன்று தங்களை நேருக்கு நேராகவே கேட்டார்: “தலையில பூ இல்லாம பஸ்ஸுல ஏறுனா ஊர்ல என்ன பேசுவாவன்னு ஒங்களுக்குத் தெரியுமாம்மா? எங்க வீட்டுக்காரரு உசுரோடதான் இருக்காரு!”

தாங்கள் பாடம் நடத்தவில்லை. தங்கள் கொண்டையிலிருந்த பிச்சிச் சரத்தை எடுத்து, வாசலில் காவலறைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினீர்கள். “போறச்சே எடுத்து வச்சுப்போம். பூவுல கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கும் மாரிக்கண்ணு. அது நூல் நுழையாத இடத்துலயும் நுழையும். காலுல பூஞ்சையையும் ஒட்டிண்டு போகும்” என்றீர்கள். மறுநாள் மாரிக்கண்ணு வீட்டிலிருந்தே ஆணியும் சுத்தியலும் கொண்டுவந்தார். இன்று அந்தச் சுவர் நெடுக ஆணிதான். காலையில் ஆணிக்கு ஆணி பூத் தொங்கும், மாலையில் அவரவர் தலைக்கு ஏறும். வாசல் பக்கம் போகிற புதியவர்கள் அதை ஏதோ அம்மன் கோயில் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போவதும் உண்டு.

ஏசுவதில் தங்களை மிஞ்ச ஆள் இல்லை! மின்சாரம் போய், ஜெனரேட்டர் கிளம்பக் கொஞ்சம் தாமதமானால், அதை இயக்கும் ஹாஜாவுக்கு விழுகிற ஏச்சு சமாதானபுரம் வரை கேட்கும். ஏச்சு வாங்கியவர் வீட்டில் நல்லது கெட்டது என்றால் முதலில் வந்து நிற்பவரும் தாங்கள்தான் என்பதால், எங்களில் யாருக்கும் தங்கள் மேல் கோபம் நிலைத்ததில்லை. எங்கள் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது.

இனி வருவது செயலர் கேட்க விரும்பாத பகுதி.

சென்ற ஆவணியில், இதோ மேடையில் நடுநாயகமாக வீற்றிருக்கும் சங்கத் தலைவர் தில்லைநாயகம் அண்ணாச்சி அவர்களின் அருமை மகளுக்குத் திருமணம். தோவாளையிலிருந்து பூ வருகிறது, மாலை வாடாமல் இருக்கக் குளிர்ந்த இடம் வேண்டும். சங்கத்தில் குளிர்ந்த இடம் ஒன்றே ஒன்றுதானே! வெள்ளிக்கிழமை தலைவர் தாமே நேரில் வந்து கேட்டார்: “ஒரு ராத்திரிதானம்மா. நம்ம பிள்ள கல்யாணம். பூ என்ன, ஒங்க பாட்டிலயா தின்னுரப்போவுது?”

தாங்கள் கதவை மறித்து நின்றீர்கள். “பிரசவ அறைக்குள்ள பூக்கூடையக் கொண்டு வைப்பேளா? உங்க பொண்ணு கல்யாணத்துக்கு முதல் ஆளா நான் வரேன். ஆனா ஒரு இதழ்கூட இந்தக் கதவைத் தாண்டப்படாது.” தலைவர் சிரித்துக்கொண்டே போனார். சிரித்துக்கொண்டே போகிறவரை நம்பக்கூடாது என்பது எங்களுக்கு அன்று தெரியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, நாம் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, தலைவரின் காரோட்டி அலுவலகத்து மாற்றுச் சாவியோடு வந்தார். காவலாளி சிவசைலம் தடுத்திருக்கிறார். “தலைவரே சொல்லிட்டாரு, ஒமக்கென்னவே? தள்ளும்!” என்று அவரை ஒதுக்கிவிட்டு அறையைத் திறந்தார்கள். ரோஜா மாலை போயிற்று, அரளி மாலை போயிற்று, கட்டுக் கட்டாக மரிக்கொழுந்து போயிற்று. கடைசியில் பந்திக்கு வைத்திருந்த தயிர்ப் பானைகளும் போயின. தயிர்! மாவு கரைத்த கையே ஆகாத அறைக்குள் பானை பானையாய்த் தயிர்! இடம் போதவில்லை என்று தட்டுகளில் இருந்த புட்டிகளை அள்ளி மூலையில் குவித்துமிருக்கிறார்கள்.

இது எதுவும் அறியாத தாங்கள், சொன்ன சொல் தவறாமல், பட்டுப்புடவை உடுத்தி ஞாயிறு காலை முதல் ஆளாகக் கல்யாணத்துக்குப் போனீர்கள். மணமகளின் கழுத்து மாலையைத் தொட்டுப் பார்த்து, “இப்பப் பறிச்சாப்பல என்ன குளிர்ச்சி!” என்று மனதார மெச்சினீர்கள். பக்கத்தில் நின்ற தலைவர் அதற்கும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எங்களுக்கு இன்றும் வயிறு எரிகிறது.

திங்களன்று அறையைத் திறந்ததும் தங்களுக்குப் புரிந்துவிட்டது. மணமே சொல்லிவிட்டது. வாரம் முடிவதற்குள் மாரிக்கண்ணு ஓடி வந்தார்: “யம்மா, பாட்டிலுக்குள்ள பஞ்சு வெடிச்ச மாதிரி இருக்கு, வந்து பாருங்க!” வெள்ளைப் பஞ்சு, பச்சைப் பஞ்சு, கரும்பஞ்சு. தட்டுத் தட்டாகப் புட்டிகளைப் பெரிய குக்கரில் அவித்துக் குழியில் கொட்டினோம். அந்தக் குழியருகே தாங்கள் அழுததைப் பார்த்தோம். அதுவரை தாங்கள் அழுது பார்த்ததில்லை.

தப்புச் செய்தவர் தலை குனிந்தார் என்று நினைக்கிறீர்களா, அவையோரே? குறிப்பாணை வந்தது, அம்மையாருக்கு! ‘உமது கவனக்குறைவால் வளர்ப்பறைக் கன்றுகள் பூஞ்சைத் தொற்றுக்கு ஆளாயின, விளக்கம் தரவும்.’ கட்டிக் காத்தவருக்குக் குற்றப்பத்திரிகை, கதவை உடைக்காத குறையாகப் புகுந்தவருக்குக் கல்யாணப் பத்திரிகை! அம்மையார் ஒரே வரியில் பதில் எழுதினார்: ‘தட்டின் அடியில் கிடந்த மரிக்கொழுந்து இணைக்கப்பட்டுள்ளது.’ வாடிக் கருகிய அந்தக் கொத்தை உறையில் இட்டு ஒட்டியது மகாராஜனின் கை. மேலிடத்திலிருந்து வந்த மறுமொழி என்ன தெரியுமா? ‘இணைப்பு ஏதும் பெறப்படவில்லை.’ அதன் பின் தங்கள் பணிப்பதிவேட்டில் ஏறியது ‘கண்டிக்கப்படுகிறார்’ என்கிற ஒற்றைச் சொல். எட்டாண்டு உழைப்புக்குப் பிறகு, அந்தச் சொல்லோடுதான் இன்று தாங்கள் வீட்டுக்குப் போகிறீர்கள்.

களக்காட்டிலிருந்தும் சேரன்மகாதேவியிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே! அந்த ஆண்டு நடவுக்குக் கன்று கேட்டு வந்தபோது, ‘அந்தம்மா கவனிக்கலை’ என்றுதானே உங்களிடம் சொன்னார்கள்? பூக்கதையை யாராவது சொன்னார்களா? இப்போது கேட்டுக்கொண்டீர்கள் அல்லவா!

அம்மையீர், தங்கள் மேலும் எங்களுக்கு ஒரு வருத்தம் உண்டு, அதையும் மறைக்கப் போவதில்லை. சண்டைக்கு வாருங்கள் என்று நாங்கள் கூப்பிட்டபோது தாங்கள் வரவில்லை. “கன்னே போயிடுத்து. அதுக்கு மேல எனக்கு என்ன போகணும்?” என்று சொல்லிவிட்டு, களக்காட்டுப் பஸ்ஸில் ஏறிப் புதுக் கன்று தோண்டப் போய்விட்டீர்கள். ஹாஜாவைச் சமாதானபுரம் வரை ஏசுகிறவருக்குத் தமக்காக ஒரு சொல் ஏச வாய் வரவில்லையே! சுவருக்கு அப்பால் இன்று தட்டு நிறையப் பச்சை இருக்கிறதே, அது அன்று தோண்டி வந்த கன்றுகளின் வழிவந்தது. வாழையடி வாழை என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள்.

தாங்கள் கேட்காததை நாங்கள் கேட்கிறோம். தலைவர் அண்ணாச்சி அவர்களே! அம்மையாரின் பணிப்பதிவேட்டிலிருந்து அந்தச் சொல்லை அழியுங்கள். அழிக்க மனமில்லையா? எங்கள் ஒவ்வொருவரின் பதிவேட்டிலும் அதையே எழுதுங்கள். அவர் கவனக்குறைவானவர் என்றால், அவரிடம் வேலை கற்ற நாங்கள் எல்லாரும் கவனக்குறைவானவர்களே. கீழே முழுப் பெயரோடு கையெழுத்திட்டிருப்பது அதற்காகத்தான். ஆள் தேடி அலைய வேண்டாம்.

எங்கள் ராஜாம்பாள் அம்மா! கண் மங்காமல், கால் ஓயாமல், முக்கியமாகக் குரல் குறையாமல், கல்லிடைக்குறிச்சி வீட்டில் பேரன் பேத்திகளை ஏசிக்கொண்டு நூறாண்டு வாழ்க! ஆற்றுத் தண்ணீர் உள்ளளவும் வாழை உண்டு, வாழை உள்ளளவும் தங்கள் பெயர் உண்டு!

கடைசியாக ஒன்று. அம்மையாருக்கு நாங்கள் ஏன் மாலை போடவில்லை என்று அவையில் பலர் நினைத்திருப்பீர்கள். இந்தக் கூடத்துக்கும் வளர்ப்பறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அம்மையார் போட்ட சட்டம் அவர் போகிற நாளிலும் சட்டமே. தலைவர் இன்று ஆளுயர மாலையோடு வருவார் என்பது இதை எழுதும்போதே எங்களுக்குத் தெரியும். பெரிய மனிதர் வெறுங்கையோடு வரமாட்டார். அதனால் வாசலில் ஹாஜாவை நிறுத்தி வைத்தோம். இந்த வரி வாசிக்கப்படும் நேரத்தில் அந்த மாலை மாரிக்கண்ணுவின் பூவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

அம்மா, போகும்போது வழக்கம்போல் தங்கள் பிச்சிச் சரத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாலையைத் தொட வேண்டாம். அந்தச் சொல்லை அழித்துவிட்டுத் தலைவர் வரட்டும், வாசலுக்கு வெளியே வைத்து அவர் கையாலேயே தங்களுக்குச் சூட்டச் சொல்கிறோம். வெளியே சித்திரை வெயில் கொளுத்துகிறது, பூ வாடும் என்பது எங்களுக்கும் தெரியும். குளிர்ந்த அறை பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் அங்கே பூவுக்கு இடம் இல்லை. அதுவரை அது ஆணியிலேயே வாடட்டும்.

இங்ஙனம்,
தங்களிடம் ஏச்சு வாங்கியதைப் பெருமையாகக் கருதும்
மாரிக்கண்ணு, ஹாஜா, சிவசைலம், இசக்கித்தாய், செல்வமணி,
எழுதி வாசித்த மகாராஜன்
மற்றும் நிலையப் பணியாளர்கள் அனைவரும்
பாளையங்கோட்டை