வாளிக்கு ஒரு வளையல்

மட்டாஞ்சேரி ஜெட்டியில் எர்ணாகுளம் படகுக்கு டிக்கெட் வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். சிவப்புப் புடவைக்காரி சொன்னாள்:

"வாளிக்கு வளையல் போட்டுட்டேன்டி, சரசு!"

"வாளிக்கா?"

"எங்காத்துக்காரர் களமசேரி கம்பெனிலேர்ந்து கொண்டுவந்தாரே, ஒயருக்கு மாட்டற குழாய்த் துண்டு. சூடு காட்டினா சுருங்கிப் பிடிச்சுக்கும். சிவப்புத் துண்டை வாளிப் பிடியில கோத்து அடுப்புல காட்டினேன். இனிமே கத்தியால வெட்டினாத்தான் வரும்."

"எதுக்கு இத்தனை பாடு?"

"பின்னே? தெருப் பைப்படியில தினமும் எதிராத்து அம்மிணி என் வாளியைத் தன்னோடதுன்னு தூக்கிண்டு போயிடுவா. நேத்திக்கும் தூக்கினா. 'உன்னோடதுன்னா அந்த வளையலைக் கழட்டிக் காட்டு'ன்னேன். பல்லைக் கடிச்சுண்டு இழுத்தா. அசையவே இல்லை. பைப்படியே சிரிச்சுது."

"சபாஷ்!"

"இன்னிக்குக் காலம்பற அவளே தன் வாளியோட என் வாசல்ல வந்து நிக்கறா. 'பச்சை வளையல் இருக்கா?'ங்கறா."

"குடுத்தியா?"

"குடுத்தேன். பைப்படியில எனக்குப் பின்னாடிதான் நிப்பேன்னு சத்தியம் வாங்கிண்டு குடுத்தேன்."